தார் பாலைவன ஓட்டம் என்று சொல்லி என்னிடம் வாங்கிய ₹62,400: ஓடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நேற்று முன்தினம் இரவு ஒன்பதே முக்காலுக்கு வந்த ஒரு மின்னஞ்சலைப் படித்ததில் இருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தார் பாலைவனத்தில் டிசம்பரில் நடக்கவிருக்கும் 100 கிலோமீட்டர் ஓட்டத்தின் அமைப்பாளர்கள் என் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று நான் கேட்டிருந்த கேள்விக்கு மூன்றே வரியில் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார்கள். என் பெயரிலோ என் கைபேசி எண்ணிலோ அவர்களிடம் எந்தப் பதிவும் இல்லை. பதிவுக்காக நான் பணம் கட்டிய பயிற்சிக் குழுவை அவர்களுக்குத் தெரியவே தெரியாது. நான்கு மாதமாக ஏற்காட்டு மலைப்பாதையிலும் ஆத்தூர் ஆற்று மணலிலும் எந்த ஓட்டத்துக்காக வேர்வை சிந்தினேனோ, அந்த ஓட்டத்தில் நான் இல்லை. போன பணம் ₹62,400. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்; ஆறிவிட்டால் வெட்கம் எழுத விடாது. என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

எனக்கு வயது 46. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். டச், அதாவது வெள்ளியின் தரம், பார்க்காமல் ஒரு கிராம் வெள்ளிகூட இதுவரை வாங்கியவன் இல்லை. அப்படிப்பட்டவன்தான் குரலை மட்டும் கேட்டு ₹62,400 அனுப்பியிருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆறு ஆண்டுகளாக ஓடுகிறேன். ஞாயிறு விடிகாலையில் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு காபி குடித்துவிட்டு இறங்குவது வழக்கம். மொராக்கோவில் சஹாராவின் குறுக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் ஓடும் மாரத்தான் தெ சாப்ல் என்னும் ஓட்டத்தில் என்றாவது ஒருநாள் கலந்துகொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 1984இல் சஹாராவைத் தனியாக நடந்து கடந்த பாட்ரிக் பாவேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1986இல் தொடங்கிய ஓட்டம் அது. ஒரு வாரச் சாப்பாட்டையும் படுக்கையையும் முதுகில் சுமந்தே ஓட வேண்டும். அதற்கு முன்னோட்டமாக நம் தார் பாலைவனத்தில் ஒருமுறை ஓடிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் மாட்டிக்கொண்டேன்.

படமும் காணொளியும் பகிரும் செயலி ஒன்றில் ஒரு பயிற்சிக் குழுவின் பக்கம் ஜூலை மாதம் என் கண்ணில் பட்டது. மணல் மேட்டில் ஓடுகிறவர்களின் படங்கள், தமிழில் விளக்கம், அடியில் ‘இடம் இன்னும் நான்கு மட்டுமே’ என்ற வரி. 20 வாரப் பயிற்சி, பாலைவனத்துக்கான உடுப்பு மூட்டை, ஓட்டத்துக்கான பதிவு, ஜெய்சல்மேர் வரை பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்ந்த தொகுப்பு என்றார்கள். இதை முடித்தால் மொராக்கோ ஓட்டத்துக்குத் ‘தகுதிச் சீட்டு’ கிடைக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த ஓட்டத்துக்குத் தகுதி ஓட்டம் என்று எதுவும் கிடையாது. கட்டணமும் மருத்துவச் சான்றும் இசிஜியும்தான் கேட்பார்கள். இது எனக்கே தெரியும். தெரிந்தும், விளம்பரம் என்றால் கொஞ்சம் மிகைப்படுத்தத்தான் செய்வார்கள் என்று நானே அவர்களுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் நம்பிய நொடி எது என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். தொலைபேசியில் பேசிய பயிற்சியாளர் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் காலைப் பற்றிக் கேட்டார். “அண்ணா, காலையில அளக்காதீங்க. சாயங்காலம், ஓடி முடிச்ச சூட்டோட, ஒரு பேப்பர் மேல ஏறி நின்னு பென்சில்ல கோடு போட்டு அனுப்புங்க. மணல்ல பல மணி நேரம் ஓடுனா கால் வீங்கும், ஷூ ஒரு அளவு பெருசா இருக்கணும்” என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. இத்தனை நுணுக்கம் தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்று மனம் அந்த இடத்தில் சாய்ந்துவிட்டது. அன்று மாலையே காந்தி மைதானத்தில் ஓடிவிட்டு வந்து, பட்டறை ரசீது நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அதன் மேல் நின்றேன். என் மகள் குனிந்து கோடு போட்டாள். அந்தப் படத்தை அனுப்பிய கையோடு பயிற்சிக்கு ₹9,000, உடுப்பு மூட்டைக்கு ₹22,400, பதிவுக்கும் பயணத்துக்கும் ₹31,000 என்று ஒரே வாரத்தில் மூன்று தவணையாக யுபிஐ மூலம் அனுப்பினேன். மூன்றும் தனிநபர் ஒருவரின் கணக்குக்குப் போயின. ‘நிறுவனக் கணக்கு புதுப்பிப்பில் இருக்கிறது’ என்றார்கள். காணொளி அழைப்பில் வரச் சொன்னபோதெல்லாம் நெட் சரியில்லை.

பயிற்சி அட்டவணை வந்ததும் விழித்திருக்க வேண்டும். தூரம் எல்லாம் மைல் கணக்கில் இருந்தது. ஏழாவது வாரத்தில், உறைபனி விழும் நாட்களில் வெளியே ஓட வேண்டாம், டிரெட்மில்லுக்கு மாறிக்கொள்ளவும் என்று ஒரு குறிப்பு. சேலத்தில் உறைபனி! வெப்பத்துக்கு உடலைப் பழக்க வாரம் மூன்று நாள் நீராவிக் குளியல் அறையில் உட்கார வேண்டுமாம். மத்தியானம் பட்டறையில் வெள்ளி உருக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு இது. கேட்டதற்கு, “அது இன்டர்நேஷனல் மெத்தட் அண்ணா” என்றார். இதைவிட ஆபத்தானது, ஓடும்போது மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கட்டாயம் குடிக்க வேண்டும் என்ற வரி; உப்பைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. தாகத்தை மீறி வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, தலை சுற்றி, புத்தி தடுமாறி, வலிப்பு வரைகூடப் போகும். நான் அந்த வரியைப் பின்பற்றவில்லை. முதுகுப்பையில் மூன்று கிலோ பொன்னி அரிசியில் தொடங்கி மெல்ல ஏழு கிலோ வரை ஏற்றியதும், ஆத்தூருக்குப் போய் வசிஷ்ட நதியின் வறண்ட மணலில் ஓடிப் பழகியதும் நானாகச் செய்தவை. அவற்றுக்கும் அந்த ₹9,000க்கும் சம்பந்தமில்லை.

பத்து நாளில் வரும் என்ற உடுப்பு மூட்டை 41ஆம் நாள் வந்தது. ஷூ நான் வழக்கமாகப் போடும் அளவுக்கும் ஒரு அளவு சிறியது. மகள் கோடு போட்ட அந்தத் தாளை யாரும் பார்க்கவே இல்லை என்பது அப்போதே புரிந்திருக்க வேண்டும். சொன்னபோது “ஓட ஓட இளகிடும்” என்று பதில் வந்தது. மணல் உள்ளே புகாமல் இருக்க ஷூவைச் சுற்றிப் போடும் துணி உறையைக் கெய்ட்டர் என்பார்கள். ஷூவின் அடி விளிம்பு முழுக்க வெல்க்ரோ பட்டை தைத்து, அதன் மேல் உறையை ஒட்டவைக்க வேண்டும். இவர்கள் அனுப்பியதில் பட்டை தைக்கப்படவில்லை, வெறும் பசையால் ஒட்டியிருந்தது. பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் காட்டினேன். அவர் விரலால் ஓரத்தை நெம்பியதும் பட்டை சரசரவென்று கையோடு வந்துவிட்டது. ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தில் கட்டைவிரலை அழுத்தினார்; பதிந்த பள்ளம் மேலே எழும்பவில்லை. “இதுல ஊசி போட்டா கிழிஞ்சிருங்க. எவ்வளவு குடுத்தீங்க?” என்றார். நான் தொகையைச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு விரல் நெருக்கத்தைப் பொறுத்துக்கொண்டு அதையே மாட்டிக்கொண்டு மலை ஏறினேன். பன்னிரண்டாம் வளைவில் இடது கால் அடிப்பாகம் முன்பக்கமாக வாய் பிளந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து இறங்கி வந்தேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த குரங்குகள்கூட வேடிக்கை பார்த்தன.

மூட்டையில் கழுத்தைக் குளிர்விக்கும் துணி இருந்தது, வெயில் தொப்பி இருந்தது, குளிருக்கு ஒன்றுமே இல்லை. விளம்பரத்தில் 50 டிகிரி வெயில் என்று பயமுறுத்தினார்களே, அது டிசம்பரில் ஜெய்சல்மேருக்குப் பொருந்தாது. அந்த மாதத்தில் அங்கே பகலில் 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்; இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். 100 கிலோமீட்டர் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் இரவு விழுந்த பிறகும் மணலில்தான் இருப்பார்கள். வேர்த்த உடம்போடு அந்தக் குளிரில் நடுங்குகிறவனுக்குக் கழுத்தில் சுற்றும் ஈரத் துணியை வைத்து என்ன செய்வது? இந்த மூட்டையைக் கட்டியவர்கள் பாலைவனத்தைத் திரைப்படத்தில்தான் பார்த்திருக்க வேண்டும்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் இழுத்தடிப்புதான். பதிவு எண் கேட்டேன். ஓட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு மொத்தமாக வரும் என்றார்கள். ஒரு மாதம் முன்பு கேட்டேன். பத்து நாள் முன்பு வரும் என்றார்கள். ரயில் சீட்டைக் கேட்டேன். குழுவாகப் பதிவாகிறது, தனியாக அனுப்ப முடியாது என்றார்கள். பிறகு தொலைபேசியை ஒரு பெண் எடுத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தார். காலை ஏழு மணிக்கும் மீட்டிங், இரவு ஒன்பதுக்கும் மீட்டிங். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ஒரு படிவம் அனுப்பி, நிரப்பிக் கொடுத்தால் 45 வேலை நாட்களில் பரிசீலிக்கப்படும் என்றார்கள். அந்த 45 நாட்கள் முடிவதற்குள் ஓட்டமே முடிந்துவிடும் என்று எழுதினேன். பதில் வரவில்லை. பணம் அனுப்பும் வரை நான் ‘அண்ணா’, ஷூவைப் பற்றிக் கேட்டபோது ‘சார்’, கடைசிச் செய்தியில் ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே’. அமைப்பாளர்களின் மின்னஞ்சலைப் படம் பிடித்துப் பயிற்சிக் குழுவில் போட்ட இரண்டாவது நிமிடம் என்னை வெளியேற்றிவிட்டார்கள். அதற்குள் அதைப் பார்த்துவிட்ட ஈரோட்டுக்காரர் ஒருவர் தனியாக அழைத்தார். அவரிடமும் இதே தொகை, இதே தனிநபர் கணக்கு. “ஒரு ஜோடி கொலுசு விற்கவே ஆள் முகம் பார்த்துப் பேசுவீங்களே, முகமே தெரியாதவனுக்கு எப்படிங்க ₹62,400 அனுப்புனீங்க?” என்று என் மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. காலைப் பென்சிலால் வரையச் சொன்னான் என்று எப்படிச் சொல்வது?

விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், ஆனால் பத்து மணிக்கு வங்கி திறந்ததும் பணம் போன கணக்கின் விவரத்தை எழுதி வாங்க வேண்டும், அதனால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஓட்டத்துக்கான பதிவை அமைப்பாளர்களின் சொந்தத் தளத்தில் உங்கள் கையாலேயே செய்யுங்கள், இடையில் ஆள் வேண்டாம். தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஷூவை உள்ளூர்க் கடையில் சாயங்காலம் போட்டுப் பார்த்து வாங்குங்கள். வெல்க்ரோவைத் தைக்க நம் ஊரிலேயே ஆள் இருக்கிறார். பணம் போய்விட்டது என்று சந்தேகம் வந்த அந்த மணி நேரத்திலேயே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், எதிராளி பணத்தை எடுப்பதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. நான் நான்கு மாதம் கழித்து அழைத்ததால் எனக்குக் கிடைத்தது ஒரு புகார் எண் மட்டுமே. நுகர்வோர் உதவிக்கு 1915. அந்தப் பயிற்சிக் குழுவில் நான் கடைசியாகப் பார்த்தபோது 38 பேர் இருந்தார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், ஜெய்சல்மேருக்குப் பெட்டி கட்டுவதற்கு முன்பு, உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று அமைப்பாளர்களுக்கு இன்றைக்கே எழுதிக் கேளுங்கள்.