‘சக்தி’ (1982): ஒரு தொலைபேசிப் பேச்சு தந்த காயம்

ரமேஷ் சிப்பி இயக்கி 1982-இல் வெளிவந்த ‘சக்தி’, சட்டத்தைக் காக்கும் தந்தைக்கும் அதை மீறும் மகனுக்கும் இடையிலான மோதலைச் சொல்லும் இந்திப் படம். கதை நமக்குப் புதியதன்று. 1974-இல் வந்த ‘தங்கப்பதக்க’த்தில் எஸ்.பி. சௌத்ரியாகச் சிவாஜி விறைத்து நின்றதைக் கோவை, ஈரோட்டுப் பக்கம் இன்னும் சிலாகித்துப் பேசுபவர்கள் உண்டு. ஆகவே சலீம்–ஜாவேத் எழுதிய இப்படத்தைப் பார்க்கும் தமிழர், இரண்டையும் ஒப்பிடாமல் எழுந்திருக்க முடியாது. தமிழ்ப் படம் பெரும்பாலும் தந்தையின் பக்கமே நிற்கிறது; இந்திப் படமோ மகனின் காயத்துக்கும் சரிபாதி இடம் கொடுக்கிறது என்பது என் கணிப்பு.

அந்தக் காயம் ஒரு தொலைபேசிப் பேச்சில் உண்டாகிறது. காவல் அதிகாரி அஸ்வினி குமாரின் (திலீப் குமார்) சிறு வயது மகனைக் கடத்திய ஜே.கே.யின் (அம்ரீஷ் புரி) கும்பல், பிடிபட்ட தங்கள் ஆளை விடுவிக்கக் கேட்கிறது. மகனைக் கொன்றாலும் கடமை தவற மாட்டேன் என்கிறார் அவர். அது பையனின் காதிலும் விழுந்துவிடுகிறது. அவனைத் தப்பவிடுபவன் அதே கும்பலைச் சேர்ந்த நாரங் (குல்பூஷண் கர்பந்தா). வளர்ந்து ஆளான விஜய் (அமிதாப் பச்சன்) பெற்றவரை விட்டு அந்த நாரங்கிடமே போய்ச் சேர்வதற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. அஸ்வினி குமார் செய்தது சட்டப்படி சரி. அதைச் சரி என்று காட்டிக்கொண்டே அவரைக் குற்றவாளிக் கூண்டிலும் ஏற்றுவதுதான் இத்திரைக்கதையின் பலம்.

நம் கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளில் அப்பாவும் வயதுக்கு வந்த மகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அரிது. கிணற்றுக்கு மோட்டார் வாங்குவதானாலும் “அப்பாகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்கம்மா” என்று தாய் வழியாகவே செய்தி போகும். இப்படத்தில் ராக்கி ஏற்றுள்ள ஷீத்தல் அப்படிப்பட்ட தாய்தான். அவள் கொல்லப்பட்ட பின் வரும் காட்சியை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கலாம். காவலில் இருக்கும் விஜய்யை உடலைப் பார்க்க அழைத்து வருகிறார்கள். தரையில் அமர்ந்திருக்கும் தந்தையின் அருகே அவன் உட்கார்ந்து, அவர் கையைத் தொடுகிறான். இருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. வசனத்துக்குப் பெயர்போன எழுத்தாளர்கள் இருவர் அந்த இடத்தில் பேனாவை மூடி வைத்திருக்கிறார்கள்.

மற்றபடி, கடத்தல்காரர்களின் சண்டையும் துரத்தலும் அக்காலத்து வழக்கமான சரக்கு. ரோமாவாக வரும் ஸ்மிதா பாட்டீல் போன்ற நடிகையைக் காத்திருக்க மட்டும் வைத்தது எனக்கு ஏமாற்றமே. பேரன் ரவியிடம் (அனில் கபூர், சிறிய வேடம்) தாத்தா பழைய கதை சொல்வதாக அமைத்த சட்டகமும், அவன் காவல் துறையில் சேர்வதற்கான பாடமாகக் கதையைச் சுருக்கப் பார்க்கிறது. ஆர்.டி. பர்மனின் இசையில் ‘ஜானே கைசே கப் கஹான்’ பாடல் இன்றும் கேட்க இனிமையாக உள்ளது.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் பீகார் இளைஞர்களோடு பேசிப் பழகிய இந்தியை நம்பி இப்படத்தில் இறங்க வேண்டாம். திலீப் குமாரின் தணிந்த குரலில் உருது கலந்து வரும் சொற்களுக்கு வசன வரிகளின் துணை வேண்டும். குறிப்பாக, விமான நிலையத்தில் தன் துப்பாக்கிக்கு இலக்கான மகனிடம் அவர் தன் பாசத்தைச் சொல்ல, அதை ஏன் இதுவரை சொல்லவேயில்லை என்று அவன் கேட்கும் இடத்தில் ஒரு வரியையும் தவறவிடக் கூடாது.

சிறந்த படம், சிறந்த திரைக்கதை ஆகியவற்றோடு சிறந்த நடிகருக்கான பிலிம்பேர் விருதும் இப்படத்துக்குக் கிடைத்தது. அவ்விருதுக்கு இருவர் பெயரும் பரிந்துரைக்கப்பட்டு, திலீப் குமாருக்கே அது சென்றது. முடிவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலும் வாய் திறவாமலே அவருக்கு ஈடுகொடுத்த அமிதாப்பின் பங்கு, கோபக்கார இளைஞனாக அவர் முழங்கிய படங்களைவிட எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது.