‘கார்டு செத்துப்போச்சு அண்ணாச்சி’: என் கார்டையே எனக்கு 22,000 ரூபாய்க்கு விற்றார்கள்

மும்பையில் பழைய கம்ப்யூட்டரை வைத்து மெஷின் ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் இதை முழுவதும் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான். எனக்குப் போனது 24,700 ரூபாயும் ஒன்பது நாள் வேலையும். கடைப் பெயர், ஆள் பெயர் எதையும் எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும், நான் சொல்ல வந்தது நின்றுவிடும்.

சாக்கி நாக்காவில் எங்களுக்குச் சின்னப் பட்டறை. மோட்டார் ரோட்டர், பிளோயர் இம்பெல்லர் எல்லாம் பேலன்சிங் (சுற்றும்போது ஆடாமல் எடையைச் சரிசெய்வது) செய்து கொடுக்கிறோம். மெஷினோடு வந்த கம்ப்யூட்டர் ஒரு பெண்டியம், டாஸில் ஓடுவது. உள்ளே ஒரு நீளமான ஐஎஸ்ஏ (பழைய ஸ்லாட் வகை) கார்டு. சென்சாரிலிருந்து வருகிற அதிர்வை எண்ணாக்கிப் புரோகிராமுக்குக் கொடுப்பது அதுதான். “இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்காத ஆளில்லை. இன்றைக்குக் கடையில் வாங்குகிற போர்டில் அந்தக் கார்டைச் செருக ஸ்லாட்டே கிடையாது. புரோகிராமும் புது விண்டோஸில் ஓடாது. மாற்றினால் மொத்தமாக மாற்ற வேண்டும், அது லட்சக் கணக்கு. ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டிருக்கிறோம்.

ரிப்போர்ட்டை பிளாப்பியில் எடுத்து இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவது தொல்லையாக இருந்தது. நல்ல பிளாப்பி கிடைப்பதும் குதிரைக்கொம்பு. ஒரு நெட்வொர்க் கார்டு போட்டுவிடலாம் என்று நாலு பேரிடம் விசாரித்தபோது தாராவியில் தெரிந்தவர் ஒருவர் ஒரு பையனைச் சொன்னார். லாமிங்டன் ரோட்டில் கடை, திருநெல்வேலிப் பக்கம், நம்ம ஆள். அந்த ‘நம்ம ஆள்’ என்ற வார்த்தையில்தான் விழுந்தேன்.

பையன் வந்தான். மரியாதையான பேச்சு, வாய் நிறைய அண்ணாச்சி. பழைய என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு ஒன்று கொண்டுவந்திருந்தான், ஜம்பர் (கார்டின் ஊசிகளில் மாட்டுகிற சின்ன மூடி) போட்டு செட் செய்கிற மாடல். காலி ஸ்லாட்டில் செருகினான். மெஷினை ஆன் செய்தால் பேலன்சிங் புரோகிராம் ‘கார்டு இல்லை’ என்கிறது. கழற்றினான், துடைத்தான், ஸ்லாட் மாற்றினான். எங்கள் கார்டையும் வெளியே எடுத்து எதையோ நோண்டினான். ஒரு மணி நேரம் ஆயிற்று.

“தம்பி, உன் கார்டை முழுசா எடுத்துடு. பழையபடி விட்டுடு” என்றேன்.

எடுத்தான். அப்போதும் ‘கார்டு இல்லை’ என்றே வந்தது.

“பாத்தீங்களா அண்ணாச்சி, என் கார்டுல பிரச்சனை இல்ல. உங்க கார்டு செத்துப்போச்சு. பழசு இல்லியா, கை வச்சதும் ஐசி போயிருக்கும்.”

நான் நம்பிவிட்டேன். யாராக இருந்தாலும் நம்புவார்கள். புதிதாக வந்ததை எடுத்த பிறகும் பழையது ஓடவில்லை என்றால் வேறு என்ன நினைப்பது?

வருகைக்கு 1,500, நெட்வொர்க் கார்டுக்கு 1,200 வாங்கிக்கொண்டு, எங்கள் கார்டை ‘டெஸ்ட்டுக்கு’ என்று பையில் போட்டுக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்து வாட்ஸாப்பில் ஒரு போட்டோ. எங்கள் கார்டு மேசையில் கிடக்கிறது, ஒரு பேனா முனை ஒரு ஐசியைக் காட்டுகிறது. ‘இதுதான் போயிருக்கு, ரிப்பேர் ஆகாது, அதே மாடல் வேறு இடத்தில் ஒன்று இருக்கிறது, 22,000’ என்று கீழே எழுதியிருந்தான். இங்கே பட்டறையில் ரோட்டர் குவிகிறது. ஒரு ரோட்டருக்கு 350 ரூபாய் கொடுத்து வெளியே பேலன்சிங் செய்து வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கை 24,700-ல் சேர்க்கவே இல்லை. சரி என்றேன். ஒன்பதாம் நாள் அவனே வந்து ‘வேற கார்டை’ மாட்டினான். போட்டதும் ஓடியது. நெட்வொர்க் கார்டு வேண்டாம், வம்பு என்று அதை அட்டைப்பெட்டியில் போட்டு மேலே வைத்துவிட்டோம். போகும்போது கேபினட் மூடியின் ஓரத்தில் ஒரு வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டினான். மூன்று மாத வாரண்டி, மூடியைத் திறந்தால் செல்லாது. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, கார்டின் சீரியல் நம்பரும் இல்லை.

அந்த ஸ்டிக்கர் எதற்கு என்று நாலு மாதம் கழித்துப் புரிந்தது.

ஒரு திங்கட்கிழமை கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிட்டது. போர்டில் இருக்கிற பட்டன் பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. புதிது வாங்கிப் போட்டோம். தேதி சரியாயிற்று, ஆனால் புரோகிராம் கார்டைக் கண்டுபிடித்துவிட்டு அளவெடுக்கும்போது அப்படியே நிற்கிறது. மறுபடியும் அந்தப் பையனைக் கூப்பிடப் பயம். செம்பூரில் தெரிந்த மாமா ஒருவர், ஓய்வு பெற்றவர், தொண்ணூறுகளில் ஒரு அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களை எல்லாம் பார்த்துக்கொண்டவர். அவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன்.

மாமா கார்டை வெளியே இழுத்ததும் எனக்குத் தலை சுற்றியது. கார்டின் பின்பக்கம் ஒரு பச்சை ஒயர். 2011-ல் கார்டில் ஒரு டிராக் (செம்புக் கோடு) அறுந்தபோது நானே சால்டர் வைத்த ஒயர். என் சால்டரிங் அழகு எனக்குத் தெரியாதா? ஒரு முனையில் ஈயம் உருண்டையாக, மிளகு மாதிரி நிற்கும். அதே மிளகு. கார்டைத் துடைத்து, பழைய ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, என் கார்டையே எனக்கு விற்றிருக்கிறான்.

“அப்போ ஐசி போனது?” என்றேன்.

மாமா பதில் சொல்லவில்லை. “அவன் அனுப்பின போட்டோ இருக்கா?” என்றார். போனில் எடுத்துக் கொடுத்தேன். விரலால் பெரிதாக்கினார். பேனா காட்டுகிற ஐசியை அவர் பார்க்கவே இல்லை. அதற்கு இரண்டு அங்குலம் தள்ளி நீல நிறத்தில் ஒரு சின்ன டிப் ஸ்விட்ச், ஆன்-ஆஃப் செய்கிற ஆறு பல். அதைத்தான் பார்த்தார். “220-ல இருக்கு” என்றார். என் அக்கா பையன் முன்பு ஒருமுறை ‘மியூசியம் பீஸ்’ என்று குடும்ப குரூப்பில் போட்ட படமும் நல்லவேளையாக இருந்தது. அதில் அதே ஸ்விட்ச் வேறு மாதிரி. “இது 300.”

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்த ஏமாற்றும் இந்த ஆறு பல்லில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கார்டுகளுக்குக் கம்ப்யூட்டர் தானாக இடம் ஒதுக்காது. விண்டோஸ் 95 வந்த சமயத்தில்தான் பிளக் அண்ட் பிளே பரவலாயிற்று. அதற்கு முன்னால் எந்த முகவரியில் பதில் சொல்ல வேண்டும், எந்த ஐஆர்க்யூவில் (கார்டு கம்ப்யூட்டரைக் கூப்பிடுகிற தடம்) கூப்பிட வேண்டும் என்பதைக் கார்டிலேயே ஜம்பரோ ஸ்விட்ச்சோ வைத்து நாம்தான் சொல்ல வேண்டும். எங்கள் கார்டின் முகவரி ஹெக்ஸ் கணக்கில் 300. முதல் இரண்டு பல் ஆஃப், மற்ற நான்கும் ஆன். இதில் ஒரு கோணல், இந்தக் கார்டில் ஆன் என்றால் பூஜ்யம், ஆஃப் என்றால் ஒன்று. வேறு கார்டில் நேர்மாறாகவும் இருக்கும், மேனுவல் இல்லாமல் ஊகிக்கக் கூடாது. 300-லிருந்து 16 முகவரிகளை எங்கள் கார்டு எடுத்துக்கொள்கிறது. என்இ2000 வகைக்கு வழக்கமாக வைத்திருப்பதும் அதே 300, அது 32 முகவரி எடுக்கும். தாராவியில் இரண்டு கோலிக்கு (ஒற்றை அறை வீட்டுக்கு) ஒரே நம்பர் எழுதியிருந்தால் கூப்பிட்டதும் இரண்டு வாசலிலிருந்தும் ஆள் குரல் கொடுப்பானே, அந்தக் கதைதான். இரண்டு கார்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல, புரோகிராமுக்குக் கேட்டது வெறும் இரைச்சல்.

பையன் நெட்வொர்க் கார்டின் ஜம்பரை மாற்றியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு எங்கள் கார்டின் ஸ்விட்ச்சை நகர்த்தி 220-க்குக் கொண்டுபோயிருக்கிறான். சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலிக் கார்டுக்கு வழக்கமாக வைக்கிற நம்பர் அது, பழைய கை தானாக அங்கே போகும் என்றார் மாமா. புரோகிராமோ 300-ல் தேடுகிறது. ஆகவே நெட்வொர்க் கார்டை எடுத்த பிறகும் ‘கார்டு இல்லை’. அது தெரியாமல் நடந்ததா, தெரிந்தே செய்ததா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் கடைக்குக் கொண்டுபோய்த் துடைத்து, ஸ்டிக்கர் கிழித்து, 300-க்குத் திருப்பி வைத்து, 22,000 வாங்கியது தெரியாமல் நடந்ததில்லை.

மாமா என் கண் முன்னால் செய்து காட்டினார். ஸ்விட்ச்சை 220-க்கு வைத்தார், ‘கார்டு இல்லை’. 300-க்குத் திருப்பினார், கார்டு வந்தது. ஒவ்வொரு முறையும் பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைத்தார். டாஸில் டீபக் என்று ஒரு பழைய புரோகிராம் உண்டு, அதற்குள் ‘ஐ 300’ என்று அடித்தால் அந்த முகவரியில் என்ன தெரிகிறது என்று காட்டும். அங்கே யாரும் இல்லையென்றால் பெரும்பாலும் எஃப்எஃப் என்று வரும். 220-ல் வைத்தபோது 300-ல் எஃப்எஃப். இதைப் பார்க்க அரை நிமிடம் போதும், 22,000 தேவையில்லை.

பேட்டரி மாற்றியதும் அளவு நின்றதற்குக் காரணம் வேறு. எங்கள் கார்டு ஐஆர்க்யூ 5-ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. 3-ம் 4-ம் சீரியல் போர்ட், 6 பிளாப்பி, 7 பிரிண்டர், 14 ஹார்ட் டிஸ்க் என்று பாதி இடம் எப்போதோ போய்விட்டது, 5 கிடைத்ததே பெரிது. ஐஎஸ்ஏவில் ஒரு ஐஆர்க்யூவை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற உள் புரோகிராம்) தன் செட்டிங்கை மறந்துவிட்டு 5-ஐ வேறொரு பிசிஐ (ஐஎஸ்ஏவுக்குப் பின்னால் வந்த ஸ்லாட் வகை) கார்டுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. பயாஸில் ஐஆர்க்யூ 5-ஐ ‘லெகஸி ஐஎஸ்ஏ’ என்று மாற்றியதும் சரியாயிற்று. அந்தப் பையனைக் கூப்பிட்டிருந்தால் இதற்கும் ஒரு ஐசி செத்திருக்கும்.

கடைசியில் அட்டைப்பெட்டியிலிருந்த நெட்வொர்க் கார்டையும் மாமா எடுத்து 340, ஐஆர்க்யூ 10 என்று ஜம்பர் வைத்து மாட்டினார். 360 என்றும் ஒரு இடம் அதில் இருக்கிறது, ஆனால் அது 37எஃப் வரை நீண்டு பிரிண்டர் போர்ட்டின் 378-ஐ மிதித்துவிடும், வைக்காதே என்றார். இரண்டு கார்டும் இப்போது ஒன்றாக ஓடுகின்றன. மாமா காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மெட்ரோ, லோக்கல் பிடித்து கிராண்ட் ரோட்டில் இறங்கிக் கடைக்குப் போனேன். பச்சை ஒயரைக் காட்டினேன். “அண்ணாச்சி, அந்த மாடல்ல கம்பெனிலயே பச்சை ஒயர் வச்சுத்தான் அனுப்புவான்” என்றான். முகம் மாறவே இல்லை. போட்டோ இரண்டையும் காட்டியதும் கடை முதலாளியிடம் பேசுங்கள் என்றான். முதலாளி, பையன் தனியாகச் செய்த வேலை, கடைக்குச் சம்பந்தமில்லை என்றார். துண்டுச் சீட்டில் கடை முத்திரை இல்லை. பணம் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

யாராவது உங்கள் மெஷினைத் திறப்பதற்கு முன்னால், ஒவ்வொரு கார்டையும் ஜம்பரும் ஸ்விட்ச்சும் தெளிவாகத் தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கார்டின் மூலையில் அழியாத மையால் ஒரு குறி போடுங்கள். ‘டெஸ்ட்டுக்கு’ என்று வெளியே கொடுக்கவே கொடுக்காதீர்கள், வேறு வழியில்லை என்றால் சீரியல் நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். பழைய கார்டு போய்விட்டது என்று சொல்கிறவனிடம், அந்தச் செத்த கார்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். இதை நான் கேட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருப்பான்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன வாரம் எங்கள் கல்லியிலேயே (சந்திலேயே) இன்னொரு பட்டறைக்காரர் கூப்பிட்டார். அவருடைய கட்டிங் மெஷினில் இருந்த கார்டை அதே பையன் எடுத்துக்கொண்டு போய் ஐந்து நாள் ஆகிறதாம். கார்டின் போட்டோ இருக்கிறதா என்றேன், இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய் அவர் கம்ப்யூட்டரில் புரோகிராமின் செட்டிங் எழுதியிருக்கிற சிஎஃப்ஜி ஃபைலைத் திறந்து பார்த்தேன். பேஸ் (முகவரி) 280, ஐஆர்க்யூ 7 என்று இருந்தது. ஒரு பேப்பரில் பெரிதாக எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். கார்டு இன்னும் வரவில்லை.