பொஹோல் சாலைகளில் ஐந்து வருடம், ஒரே ஸ்கூட்டர்

2019-இல் வேலைக்காகப் பிலிப்பைன்ஸின் பொஹோல் தீவிலுள்ள தக்பிலாரன் நகருக்கு வந்ததும் 125 சிசி ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். 2024 வரை பொஹோல் மாகாணத்தில் நான் போன ஊர்களுக்கெல்லாம் அதில்தான் போனேன். பிலிப்பைன்ஸில் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். இடப்பக்கம் பழகிய கைக்கு முதல் மாதம் ஒவ்வொரு திருப்பத்திலும் பயம் இருந்தது, அப்புறம் போய்விட்டது.

நெடுஞ்சாலை பெரும்பாலும் கான்கிரீட். எவ்வளவு மழை பெய்தாலும் குழி விழுவது குறைவு. ஆனால் கான்கிரீட் பலகைகள் சேரும் இடங்களில் வண்டி தட்தட்டென்று குலுங்கும். நீண்ட தூரம் போனால் முதுகு சொல்லிவிடும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது நெல். அறுவடை நாட்களில் சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் கற்களை வரிசையாக வைப்பார்கள். காயவைக்கக் களம் இல்லாத விவசாயிக்கு வேறு வழியும் இல்லை, அதனால் எனக்குக் கோபம் வந்ததில்லை. ஆனால் மாலையில் நெல்லை அள்ளியபின் சில கற்கள் அங்கேயே கிடக்கும். உபாய் பக்கம் இருட்டில் ஒரு கல்லில் ஏற்றி ரிம் வளைந்தது. அன்றிலிருந்து இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே வண்டி எடுப்பதில்லை. நல்லவேளையாக, பஞ்சர் கடைகள் நிறைய. 'வல்கனைசிங்' என்ற பலகை சின்ன ஊரிலும் தொங்கும்.

ஊர்களின் அமைப்பு ஒரு தடவை புரிந்துவிட்டால் மேப்பே வேண்டாம். தேவாலயம், எதிரே திடல், பக்கத்தில் ஊராட்சி அலுவலகம், கொஞ்சம் தள்ளிச் சந்தை. பாக்லயோன், டிமியாவ் எல்லாம் இப்படித்தான். லூனில் இருந்த பழைய கல் தேவாலயம் 2013 அக்டோபர் 15-ஆம் தேதி வந்த 7.2 அளவு நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. நான் வந்தபோது அதைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். நான் அந்த மதத்தைச் சேர்ந்தவன் இல்லை, ஆனாலும் மனது நிறைந்தது.

என் உண்மையான மனக்குறை பாலங்கள்தான். 2021 டிசம்பரில் ஒடெட் புயல் அடித்து, பெட்ரோலுக்கு மணிக்கணக்கில் வரிசையில் நின்ற நாட்களைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இயற்கையை என்ன செய்ய முடியும்? ஆனால் 2022 ஏப்ரல் 27 அன்று லோவாயில் பழைய கிளாரின் பாலம் வண்டிகளோடு ஆற்றில் இடிந்து விழுந்து உயிர்கள் போயின. நிலநடுக்கத்தில் அடிபட்ட பாலம் அது. பக்கத்திலேயே புதுப் பாலம் வேலை நடந்துகொண்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை அதன்மேல் போய்வந்தவன் நான். இன்றும் ஆறு தெரிந்தால் வேகத்தைக் குறைக்கிறேன்.

கோடையில் புல் காய்ந்து பழுப்பாகும் சாக்லேட் குன்றுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்மீது எனக்கு வருத்தம் உண்டு. கார்மென் போகும் வழியில் பிலார் பக்கம் மகோகனி காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் சட்டென்று மறையும், அந்தக் குளிர்ச்சி அருமை. அதற்குமேல் கடலோரச் சாலைக்குத்தான் என் ஓட்டு. ஜாக்னாவில் தேங்காய்ச் சிரட்டையில் அடைத்த கலமாய் வாங்குங்கள், ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இனிப்பு. அப்படியே அண்டா வரை போய், அங்கே ஒரு ராத்திரி தங்குங்கள்.

தீவைச் சுற்றுவதானால் தக்பிலாரனிலிருந்து கிழக்கே லோவாய், ஜாக்னா வழியாகத் தொடங்குங்கள். அப்போதுதான் கடல் முழு வழியும் உங்கள் பக்கமே இருக்கும், நிறுத்திப் பார்க்க எதிர்ப்பக்கம் கடக்க வேண்டியதில்லை.