சிஆர் 1009 சப்-1 நெல் விதை: பள்ளக்கால் வயலுக்கு நம்பி போடலாமா?

டெல்டால பள்ளத்துல வயல் வச்சிருக்கவங்க சம்பா வந்தாலே கேக்குறது இதுதான், இந்த சப்-1 நிஜமாவே தண்ணில முழுகினாலும் பொழைக்குதா இல்ல சும்மா பேச்சா. நாங்க போட்டோம், ஐப்பசி மழைல பயிர் நுனி கூட தெரியாம முழுகி எழுந்ததையும் பாத்தோம். பொழைக்குதுங்க. ஆனா எல்லா வெள்ளத்துக்கும் இது ஆகாது, அதை யாரும் சொல்லி விக்கிறதில்ல, அதுக்காகத்தான் எழுதுறேன்.

இது புது நெல்லு இல்ல, சிஆர் 1009-ங்கிற நம்ம பழைய சாவித்திரிதான். கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்து ரகம், 155-160 நாள், குண்டு அரிசி, இட்லிக்கு அருமையா இருக்கும். அதுல முழுகினாலும் தாங்குற குணத்தை மட்டும் கொண்டு வந்து சேத்திருக்காங்க, அந்த குணத்தைக் கொடுக்குற ஜீன் பேருதான் சப்-1. அந்த குணம் வந்தது எஃப்ஆர் 13ஏ-லேந்து, ஒடிசா விவசாயிங்க வெள்ளக்காட்டுல காலங்காலமா காப்பாத்தி வச்சிருந்த நாட்டு நெல்லுலேந்து பிரிச்சு எடுத்தது. ஆராய்ச்சிக் கட்டுரைல விஞ்ஞானிங்க பேரு வரும், அந்த விவசாயிங்க பேரு எங்கயும் வராது, எனக்கு அது பெரிய வருத்தம்.

எஃப்ஆர் 13ஏ-வ நேரா ஒட்டு சேத்தா அதோட குறைஞ்ச மகசூலும் கூடவே வந்துடும். 1996-ல ஷூ, மெக்கில்னு ரெண்டு விஞ்ஞானிங்க சப்-1 இருக்குற இடம் 9-வது குரோமோசோம்னு கண்டுபிடிச்சாங்க, 2006-ல ஜீன் எதுன்னே தெரிஞ்சுது. அப்புறம் வேலை சுலபமாச்சு. திரும்ப திரும்ப நல்ல ரகத்தோடயே ஒட்டு சேக்கணும், முதல் ஒட்டுல பாதி, அடுத்ததுல 75 சதவீதம், அப்புறம் 87.5-னு பழைய ரகத்தோட பங்கு ஏறிக்கிட்டே போகும், ஒவ்வொரு தடவையும் நாத்துலயே இலையை கிள்ளி டிஎன்ஏ மார்க்கர் (ஜீன் இருக்கா இல்லையான்னு காட்டுற அடையாளம்) பாத்து சப்-1 இருக்குறதை மட்டும் வச்சுக்குவாங்க. இப்படித்தான் ஸ்வர்ணாங்கிற இன்னொரு ரகத்துல ஸ்வர்ணா சப்-1 வந்துச்சு, 2009-ல இந்தியால வெளியிட்டாங்க, நம்ம சிஆர் 1009 சப்-1-ம் இதே வழிலதான் வந்துச்சு. இது மரபணு மாற்றுப் பயிர் இல்ல, நெல்லுக்கும் நெல்லுக்கும் ஒட்டுதான், பயப்பட வேண்டாம்.

வயல்ல என்ன நடக்குதுன்னா, சாதா நெல்லு முழுகுனா மூச்சு வாங்க மேல வரப் பாத்து வேகமா நீளும், சேத்து வச்ச சத்தெல்லாம் அதுலயே தீந்துடும், தண்ணி வடிஞ்சதும் வெளுத்துப்போய் படுத்துடும். சப்-1 நீளாது, அப்படியே அடங்கி கெடக்கும். வடிஞ்ச அன்னிக்கு பாத்தா எல்லா வயலும் ஒரே மாதிரி சேறு பூசி செத்த மாதிரிதான் இருந்துச்சு. ஒரு தூரை புடுங்கி அடித்தண்டை அமுக்கிப் பாத்தேன், கெட்டியா வெள்ளையா இருந்துச்சு, பக்கத்து வயல்ல வேற ரகத்துல அமுக்குனா கொழகொழன்னு விரலோட வந்துச்சு. ஒரு வாரம் போனதும் நடுக்குருத்து பச்சையா கெளம்புச்சு. அவசரப்பட்டு உழுதுடாதீங்க தயவுசெஞ்சு. புது இலை வந்தப்புறம் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட் 200 லிட்டர் தண்ணில கலந்து அடிச்சோம், நல்லா தேறிடுச்சு. முழுகுன பயிர் கொஞ்சம் தள்ளித்தான் கதிர் விடும், அறுப்பு மெஷினுக்கு சொல்றப்ப அதை கணக்குல வச்சுக்கங்க.

இப்ப ஆகாத இடம். ரெண்டு வாரம் வரைக்கும் முழுகி வடியிற வெள்ளம்னா சரி. வடிகால் அடைச்சு மாசக்கணக்குல இடுப்பளவு தண்ணி நிக்கிற வயலுக்கு சரிப்படாது, நீளாம அடங்குற குணம் அங்க எதிராவே போகும். நேரடி விதைப்புல முளைக்கிறப்பவே முழுகுனாலும் காப்பாத்தாது. பூக்குற நேரத்துல முழுகுனாலும் அதே கதைதான். கலங்கல் தண்ணின்னா தாங்குற நாளும் கொறையும். தண்ணி லேட்டா வந்து நாத்து விடுறதே பொரட்டாசிக்கு போயிடுச்சுன்னா இவ்வளவு நாள் ஆகுற இதை போடாதீங்க, வயசு கம்மியான ரகத்துக்கு போங்க.

அரசு கொள்முதல்ல பொது ரகமாத்தான் எடுப்பாங்க, சன்ன ரகத்து விலை எதிர்பாக்காதீங்க.

விதை வாங்குறப்ப மூட்டைல நீல அட்டை இருக்கான்னு பாருங்க, அதான் சான்று விதை. ஒரு தனியார் கடைல சப்-1-ன்னு சொல்லி அட்டையே இல்லாம கொடுத்தாங்க, பாதி கதிர் முன்னாடியே வந்து ஒரே கலவன், வெள்ளம் வந்திருந்தா எது பொழைக்கும் எது போகும்னே தெரிஞ்சிருக்காது. வெறும் நெல்லை கையில வச்சுப் பாத்து சாவித்திரியா சப்-1-ஆன்னு சொல்லவே முடியல எனக்கு, அதனால அட்டையும் பில்லும் கட்டாயம். ஹைபிரிட் இல்லாததால நல்ல விதை ஒரு தடவை கெடைச்சா கலவன் புடுங்கி சுத்தமா எடுத்து அடுத்த சம்பாவுக்கு நம்மளே வச்சுக்கலாம், அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம்.