டெஸ்ஃபுளூரேன் இல்லாமல் நான்கு ஆண்டுகள்

எங்கள் அறுவை அரங்குகளிலிருந்து டெஸ்ஃபுளூரேன் என்ற மயக்க வாயுவுக்கான வேப்பரைசர்களை, அதாவது திரவ மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் கருவிகளைக் கழற்றிக்கொண்டு போன அன்று அதிகம் முணுமுணுத்தவன் நான்தான். ஐந்து மணி நேர அறுவை முடிந்ததும் திருகை மூடினால், உடல் பருத்த நோயாளிகூடச் சில நிமிடங்களில் கண் விழித்துத் தன் பெயரைச் சொல்வார். மயக்க மருத்துவர்களுக்கு அது பெரிய நிம்மதி. அதற்கு நன்றாகவே பழகியிருந்தேன்.

ஆனால் கணக்கு மோசமாக இருந்தது. இந்த வாயு உடலுக்குள் ஏறக்குறைய மாறுவதே இல்லை. நோயாளியின் மூச்சோடு வெளியேறி, கழிவுக் குழாய் வழியாகக் கூரைக்கு மேல் போய்ச் சேர்கிறது. வளிமண்டலத்தில் சுமார் 14 ஆண்டுகள் தங்குகிறது. நூறாண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்ஸைடைப் போல 2,500 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அதற்குப் பதில் நாங்கள் இப்போது கொடுக்கும் செவோஃபுளூரேன் என்ற மயக்க வாயுவுக்கு இந்த அளவு 200 மடங்கைத் தொடுவதில்லை. போதாததற்கு, செவோஃபுளூரேன் 2 சதவீதம் போதுமான இடத்தில் டெஸ்ஃபுளூரேன் 6 சதவீதம் வேண்டும். ஸ்காட்லாந்து 2023இல் இதைக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல், மருத்துவக் காரணத்தால் வேறு வழியே இல்லாதபோது மட்டும் அனுமதிக்கிறது.

இழந்தது என்ன? நான் பயந்த அளவுக்கு எதுவும் இல்லை. முதல் இரண்டு மாதங்கள் நோயாளிகள் தாமதமாகத்தான் விழித்தார்கள். தவறு என்னுடையது. தையல் முடியும்வரை திருகைத் தொடாமல் இருக்கும் பழைய பழக்கம் என்னை விடவில்லை. இப்போது தோலுக்கு அடியிலுள்ள அடுக்கைத் தைக்கத் தொடங்கும்போதே செறிவைக் குறைத்துவிடுகிறேன். மிக நீண்ட அறுவைகளில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

உண்மையான மாற்றம் மருந்தைவிடக் கையில்தான் நடந்தது. செவோஃபுளூரேனையே நிமிடத்துக்கு 4 லிட்டர் வாயு ஓட்டத்தில் கொடுத்தால் பெரும்பகுதி வீணாகத்தான் கூரைக்குப் போகும். தொடக்கத்தில் சில நிமிடங்கள் ஓட்டத்தை ஏற்றிவைத்து, பிறகு அரை லிட்டருக்கு இறக்கிவிடுகிறேன். இந்த ஓட்டத்தில் திருகைத் திருப்பினால் பலன் மெதுவாகத்தான் வரும். அவசரக்காரர்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆக்ஸிஜன் அளவிலும் கண் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, மூச்சுக்குழாயில் குழாய் செருகும் நேரத்தில் பலர் வேப்பரைசரை மூடிவிட்டு ஓட்டத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஓட்டத்தை நிறுத்துங்கள், வேப்பரைசர் கிடக்கட்டும். இயந்திரத்தின் மூச்சுக் குழாய்களுக்குள் இருக்கும் வாயு அரங்கில் கொட்டாது, நாமும் அதை முகர வேண்டியதில்லை.

ஓட்டம் குறைந்தால், நோயாளி வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்சும் சோடா லைம் சீக்கிரம் தீரும். தீர்ந்ததும் வரும் ஊதா நிறத்தைப் பார்த்து மாற்றுவது நம்பகமானதல்ல. சும்மா இருக்கும்போது அந்த நிறம் திரும்பவும் வெளுத்துவிடுகிறது. உள்மூச்சில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறுகிறதா என்று திரையைப் பார்த்தே மாற்றுகிறோம்.

எல்லாவற்றிலும் வெட்கக்கேடு நைட்ரஸ் ஆக்ஸைடு, அதாவது சிரிப்பு வாயு. நாங்கள் யாருமே அதை அதிகம் பயன்படுத்தவில்லை. ஆனாலும் சிலிண்டர் வண்டி தவறாமல் வந்துகொண்டிருந்தது. வாங்கிய அளவையும் அரங்கில் கொடுத்த அளவையும் ஒரு தொழில்நுட்பர் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தபோதுதான் புரிந்தது: சுவருக்குள் ஓடும் குழாயிலும் சிலிண்டர் அறையின் இணைப்புகளிலும் கசிந்து போனதே அதிகம். இந்த வாயு நூறாண்டுக்கு மேல் காற்றில் நிற்கும். மையக் குழாயை மூடிவிட்டு, தேவைப்படும் இயந்திரத்தில் மட்டும் சிறிய சிலிண்டர் மாட்டினோம். பிரசவ வலிக்கு ஆக்ஸிஜனோடு கலந்து கொடுப்பது மட்டும் தொடர்கிறது. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டெஸ்ஃபுளூரேனுக்காக இவ்வளவு சண்டை போட்ட நாங்கள், இந்தக் கசிவைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

வாயுவே வேண்டாம், இரத்தக் குழாய் வழியாக புரோப்போஃபால் என்ற மயக்க மருந்து மட்டும் கொடுக்கலாம் என்பவர்கள் உண்டு. அறுவைக்குப் பின் வாந்தி எடுப்பவர்களுக்கு அது அருமை, நானும் கொடுக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் சிரிஞ்சுகள், நீளக் குழாய்கள் என்று குப்பைத் தொட்டி நிரம்புகிறது. மிஞ்சிய மருந்து நீரில் எளிதில் சிதையாதது, மீன்களுக்கு நஞ்சு. கைகழுவும் தொட்டிக்குள் ஊற்றாமல் எரிப்புக்கு அனுப்ப வேண்டும். இரவுப் பணியில் களைத்த ஒருவர் அதைச் செய்கிறாரா என்றால், எல்லா நேரமும் இல்லை. கையில் ஊசி விலகினால் நோயாளி பாதியில் விழித்துவிடக்கூடிய ஆபத்தும் இருக்கிறது. மூளை அலைக் கருவி இல்லாமல் நான் தொடங்குவதில்லை. கைக்கோ காலுக்கோ மட்டும் அறுவை என்றால் நரம்பு மரப்பு ஊசியே என் முதல் தேர்வு.

துவைத்துப் பயன்படுத்தும் அறுவை அங்கிகளும் இதே காலத்தில்தான் வந்தன. துணி நன்றாக இருக்கிறது, நாடாக்கள்தான் அடிக்கடி அறுகின்றன. எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் இன்றும் பழைய காகித அங்கிப் பொட்டலம் ஒன்றைத் தன் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்.