கிலோவுக்கு 11 ரூபாய் என்றார்கள். எந்தக் கிலோ என்று நான் கேட்கவில்லை

கரூரில் குஷன் தைத்து அனுப்பும் சின்ன யூனிட் எங்களுடையது. போன மாதம் ஜெய்ப்பூர் கடை ஒன்றுக்கு 12 அட்டைப்பெட்டி அனுப்பினோம். முழு லாரி பிடிக்கும் அளவுக்குச் சரக்கு இல்லை, பார்ட் லோடுதான். பார்சல் ஆபீஸில் கிலோவுக்கு 11 ரூபாய் என்றார்கள். பெட்டிக்கு 15 கிலோ, மொத்தம் 180. இரண்டாயிரத்துக்குள் முடியும் என்று நம்பி டு-பேயில், அதாவது சரக்கை எடுப்பவர் அங்கே வாடகை கட்டும் முறையில், போட்டேன்.

ஜெய்ப்பூரில் கேட்டது 15,000-க்கு மேல். கட்டினால்தான் சரக்கு என்று குடோனில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். கடைக்காரர் கட்டி எடுத்துப்போய், என் பில்லில் கழித்துக்கொண்டார்.

நேரில் போய்க் கேட்டேன். "பஞ்சுச் சரக்குன்னா வால்யூம் வெயிட்தான்க்கா, தெரியாதா?" என்றார் புக்கிங் தம்பி. புக் செய்த அன்று அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கணக்கு இதுதான். நீளம், அகலம், உயரத்தை இன்ச்சில் பெருக்கி 1,728-ஆல் வகுத்தால் கன அடி வரும். ஒரு கன அடிக்கு இத்தனை கிலோ என்று அவர்கள் வைப்பது ஆபீசுக்கு ஆபீஸ் மாறும். எனக்குப் போட்டது 10. என் பெட்டி மூன்று பக்கமும் 24 இன்ச். 8 கன அடி, அதாவது 80 கிலோ. 12 பெட்டிக்கு 960. ஆனால் பில்லில் 1,127 இருந்தது! பஞ்சு தள்ளிப் பெட்டி தொப்பை போட்டிருந்தது. டேப்பை அந்தத் தொப்பை மேல் வைத்து 26-க்கு 26, உயரம் மட்டும் 24 என்று அளந்திருக்கிறார்கள். இதன்மேல் டீசல் சர்சார்ஜ், புக்கிங் சீட்டு போட டாக்கெட் சார்ஜ். கடைக்காரரே குடோனுக்கு வந்து எடுத்த சரக்குக்கு டோர் டெலிவரி என்று 1,500 வேறு. சண்டை போட்டதில் அந்த 1,500 மட்டும் திரும்பி வந்தது.

வால்யூம் கணக்கே தப்பு என்று சொல்லமாட்டேன். லாரியில் இடத்தைத்தானே விற்கிறார்கள். அதைச் சொல்லாமல் கிலோ ரேட்டை மட்டும் சொன்னதுதான் ஏமாற்று.

இப்போது குஷனை வேக்குவம் பையில் போட்டுக் காற்றை எடுத்து அனுப்புகிறோம், பெட்டி பாதியாகிவிட்டது. கன அடிக்கு எத்தனை கிலோ, குறைந்தபட்சம் எத்தனை கிலோவுக்குப் போடுவார்கள், சர்சார்ஜ் எத்தனை சதவீதம், டெலிவரி குடோனிலா வாசலிலா என்பதையெல்லாம் வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். பெட்டியில் டேப் வைத்துப் போட்டோவும் எடுத்துவிடுகிறேன்.

புக் செய்யும்போது தரும் எல்ஆர் சீட்டில் (லாரி ரசீது) 'சார்ஜ்டு வெயிட்', அதாவது எத்தனை கிலோவுக்குக் காசு, என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பாமல் கொடுத்தால் வாங்காதீர்கள். என் சீட்டில் அது காலியாகத்தான் இருந்தது.