ஸ்னாப்ஷாட்டா, ஏ.எம்.ஐ.யா: ஈ.சி.2 சர்வரை நகலெடுக்கும் வழிகள்

அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். தளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஈ.சி.2 (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் கணினி) சர்வருக்கு நகல் வேண்டுமென்றால், அதன் நிர்வாகப் பக்கமான கன்சோலில் கண்ணில் படும் வழிகள் மூன்று. அவற்றுள் ஒன்று பெயரளவில்தான் நகல். 'லாஞ்ச் மோர் லைக் திஸ்' என்னும் அந்த வசதி, சர்வரின் வகை, நெட்வொர்க், செக்யூரிட்டி குரூப் (போக்குவரத்தை அனுமதிக்கும் விதிகள்) போன்ற அமைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய சர்வர் முதன்முதலில் எந்த ஏ.எம்.ஐ.யிலிருந்து (சர்வரை எழுப்பப் பயன்படும் அச்சு) எழுந்ததோ அதிலிருந்தே புதியதை எழுப்புகிறது; நாம் பின்னர் நிறுவிய மென்பொருளோ தரவோ அதில் இராது.

ஆகவே போட்டி ஸ்னாப்ஷாட், ஏ.எம்.ஐ. என்ற மற்ற இரண்டுக்கும் இடையேதான். ஸ்னாப்ஷாட் என்பது ஓர் இ.பி.எஸ். டிஸ்க் (சர்வரோடு இணையும் சேமிப்பகம்) குறிப்பிட்ட நொடியில் இருந்த நிலையின் நகல். முதல் முறைக்குப் பிறகு மாறிய பகுதிகளை மட்டுமே சேமிப்பதால் செலவு குறைவு. சர்வரை நிறுத்தவும் வேண்டியதில்லை. அழிந்த கோப்பு ஒன்றை மீட்க இதுவே போதும். ஆனால் அமேசான் லினக்ஸில் அந்த நகல் டிஸ்க்கை அதே சர்வரில் இணைத்தால், இரண்டுக்கும் யு.யு.ஐ.டி. என்னும் அடையாள எண் ஒன்றே என்பதால் எக்ஸ்.எஃப்.எஸ். கோப்பு முறைமை அதை மவுன்ட் செய்ய (பயன்பாட்டுக்குத் திறக்க) மறுக்கும். மவுன்ட் கட்டளையில் 'nouuid' ஆப்ஷனைச் சேர்த்தால் வழிவிடும்.

முழுச் சர்வரும் வேண்டுமெனில் என் தேர்வு ஏ.எம்.ஐ. எல்லா இ.பி.எஸ். டிஸ்க்குகளின் ஸ்னாப்ஷாட்டுகளையும், எது எங்கே இணைய வேண்டும் என்ற குறிப்பையும் அது ஒரே கட்டாகத் தருகிறது. நாம் தடுக்காவிட்டால் அது சர்வரை ரீபூட் செய்யும். அதற்கு அஞ்சி 'நோ ரீபூட்' கொடுத்தால், மெமரியிலிருந்து டிஸ்க்குக்கு இன்னும் எழுதப்படாதவை விடுபடலாம். தரவுத்தளம் ஓடும் சர்வரென்றால், கூட்டமில்லாத நேரம் பார்த்து ரீபூட்டுக்கு இடம்கொடுப்பதே நல்லது.

ஏ.எம்.ஐ. தொல்லை தருவது, டிஸ்க்கில் உள்ள எதையும் விடாமல் நகலெடுப்பதால்தான். சோதனைக்காக எழுப்பிய நகல், நள்ளிரவில் தன் கிரான் பட்டியலின்படி (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலைகள்) விழித்து, உண்மையான வாடிக்கையாளர்களுக்கே இரண்டாம் முறை மின்னஞ்சல் அனுப்பிவிடும். வேலையை விட்டுப் போனவரின் எஸ்.எஸ்.எச். சாவி (தொலைவிலிருந்து உள்நுழைய உதவுவது) பழைய சர்வரில் இருந்தால் நகலிலும் இருக்கும். நகலை எழுப்பும்போது புதிய சாவியைத் தேர்ந்தெடுத்தாலும் அது பழையதன் பக்கத்தில் சேருமே தவிர, பழையதை நீக்காது. எனவே உள்ளே வர எஸ்.எஸ்.எச். ஒன்றை மட்டும் அனுமதித்து, வெளியே செல்லும் விதிகளை அறவே நீக்கிய செக்யூரிட்டி குரூப்பில் நகலை எழுப்பி, கிரானையும் சாவிகளையும் சரிபார்த்த பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

செலவில் பெரிய வேறுபாடு இல்லை, ஏ.எம்.ஐ.க்கும் நாம் கட்டுவது உள்ளிருக்கும் ஸ்னாப்ஷாட்டுகளுக்கான தொகைதான். ஆனால் ஏ.எம்.ஐ.யை டீரிஜிஸ்டர் (பதிவு நீக்கம்) செய்யும்போது அந்த ஸ்னாப்ஷாட்டுகளையும் சேர்த்து நீக்கச் சொல்லாவிட்டால், அவை அங்கேயே தங்கி மாதாமாதம் பில்லில் வந்துகொண்டிருக்கும்.